டிராயிங் மாஸ்டரின் முப்பத்தொரு படங்கள்

எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் என் கடையைக் கடை என்று சொல்வதில்லை. "செத்தவங்க சாமானு விக்கிற எடம்" என்பார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் காதுபடவே சொல்வார்கள். நான் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா, உங்க வூட்லயும் எதனா இருந்தா சொல்லுங்க, நல்ல வெல தரேன்" என்பேன். ஒருமுறை இதைக் கேட்டு என் நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நான் மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கடத்தூரில் பொம்மிடி போகிற ரோட்டில், முன்பு கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகைதான் என் கடை. பித்தளை அண்டா, எனாமல் தட்டு, கண்ணாடி வைத்த மர பீரோ, சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம், பிரேம் போட்ட பழைய படங்கள். இவற்றில் பாதிக்கு மேல் உயிரோடு இருப்பவர்கள் விற்றவை. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

என் கணவர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். ஊரடங்கு முடிந்த வருஷம் அவருக்கு வீடு மாற்றுகிற சவாரிதான் அதிகம். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை போய் ஊர் திரும்பியவர்கள், ஊரில் இருந்ததை விற்றுவிட்டுக் கிளம்பியவர்கள் என்று தினம் ஒரு வீட்டுச் சாமான் வண்டியில் ஏறும். எல்லாம் இறக்கி முடித்ததும் ஏதாவது ஒன்று மிஞ்சும். "வைக்க எடமில்ல, இதையும் எடுத்துட்டுப் போயிடுங்கண்ணா" என்பார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்போது நான் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத் தையலில் எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே துணி இழுத்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தவளுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும்.

முதலில் வந்தது ஒரு சுவர்க் கடிகாரம். துடைத்து, வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்து எண்ணெய் விட்டதும் ஓட ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்து அதைக் கொடுத்த பெரியவரின் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். "எங்கப்பாவ ஏமாத்தி தூக்கினு போயிட்டீங்க" என்று பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் என் கணவரின் சட்டையைப் பிடித்தான். கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஓடாமல் கிடந்தது ஓடுகிறதே என்றுகூட அவன் கேட்கவில்லை.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். இனிமேல் யாரிடமும் எதையும் சும்மா வாங்குவதில்லை, ஒரு ரூபாயாவது கொடுத்து, என்ன பொருள் என்று எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன். மறு மாதம் கம்பெனி வேலையையும் விட்டேன். "பழைய சாமான நம்பி யாராச்சும் வேலைய விடுவாங்களா?" என்று என் கணவர் கேட்டார். "நம்பித்தான் பாக்கறேனே" என்றேன்.

விலை கண்டுபிடிக்க யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பாக விற்று விற்றுத்தான் கற்றுக்கொண்டேன். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் போல ஒன்று வாங்கினேன். அதை வைத்துப் பார்த்தால் அச்சடித்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், கையால் வரைந்ததில் பிரஷ் போன தடம் தெரியும். தேக்கா, பலாவா என்று ஓரத்தில் லேசாகச் சுரண்டி மோந்து பார்ப்பேன். பின்பக்கம் அடித்த ஆணி, துருவின் நிறம், அட்டையில் தூசி படிந்த கோடு இவையெல்லாம் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

எங்களிடம் அதிகமாக வாங்கியது பெங்களூர் வியாபாரி ஒருவர்தான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வேன் எடுத்துக்கொண்டு வருவார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கன்னடம் கலந்த தமிழ். பிடிக்காத பொருளைக் காட்டினால் "பேடா, பேடா" என்று கையை ஆட்டுவார். முதல் வருஷம் அவர் சொன்ன விலைக்கெல்லாம் கொடுத்தேன். என்னிடம் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துப்போன ஒரு கண்ணாடியை, பிறகு போனில் ஒரு விற்பனைப் பக்கத்தில் பார்த்தேன். மூலையில் இருந்த கீறல் உட்பட அதேதான். இருபத்திரண்டாயிரம் என்று போட்டிருந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். சிரித்தார். "வியாபாரம்மா" என்றார். "எனக்கும் வியாபாரந்தாங்க. இனிமே வெல நான் சொல்றேன்" என்றேன். அதற்குப் பிறகும் வந்தார். நான் சொன்ன விலைக்கு முனகிக்கொண்டே வாங்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு போன் வந்தது. அப்பா வீட்டை விற்றாயிற்று, வாங்கினவர்கள் இடிக்கப்போகிறார்கள், இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு பெண் பேசினாள். நானும் என் கணவரும் வண்டியோடு போனோம். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அப்பா அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா முன்பே போய்விட்டார், அப்பா போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றுக்கும் விலை பேசி முடித்தோம். உள் அறையில் சுவரோரம் பழைய புடவையில் சுற்றி ஏதோ சாய்த்து வைத்திருந்தது. "அது என்னாங்க?" என்றேன்.

"எங்கப்பா வரைஞ்சதுங்க. அது வேணாம். பின்னாடி போட்டு கொளுத்திடலாம்னு இருக்கேன்."

"பாக்கலாமா?"

"பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

புடவையை அவிழ்த்தேன். பன்னிரண்டு பெரிய படங்கள் தேக்குப் பிரேமில் இருந்தன. பத்தொன்பது, பிரேம் இல்லாமல் அட்டைக்கு நடுவில் கட்டி வைத்திருந்தன. எல்லாம் வாட்டர் கலர். சித்தேரி மலைப் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் நிற்கிறது, கீழே இறங்கிய ஆண்கள் டயருக்குக் கல் வைக்கிறார்கள். சந்தையில் கத்தரிக்காய் மூட்டைமேல் சாய்ந்து ஒருவர் பீடி பற்றவைக்கிறார். விலை போகாமல் ரோட்டோரம் கொட்டிய தக்காளிக் குவியல், பக்கத்தில் காலி கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். நிறையப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகங்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றின் பின்னாலும் பென்சிலால் இடமோ பெயரோ வருஷமோ எழுதியிருந்தார். நான் லென்ஸை எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

வாசலுக்குப் போய், "கொளுத்தாதீங்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்னாங்க தெரியும்? ஒண்ணாந்தேதி சம்பளத்த வாங்கினு நேரா பெங்களூர் போயி கலர் வாங்கினு வருவாரு. எங்கம்மா மாவு ஆட்டி வித்து எங்கள படிக்க வச்சாங்க. ஒரு படத்த ஒருத்தர் காசு குடுத்து வாங்கினதில்ல. அம்மாவுக்கு மருந்து வாங்க காசில்லாத அன்னிக்குக்கூட இவரு பிரேம் போட்டுனு இருந்தாரு."

அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. "நான் வாங்கிக்கறேன்" என்றேன்.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

"சும்மா எடுக்கமாட்டேங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் அன்று மிச்சமிருந்தது ஐயாயிரம். அதைக் கொடுத்தேன். "இதுக்கு வெல எவ்ளோன்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க. ஆனா இத்த விட அதிகம்னு தெரியும். நாளைக்கு வந்து கேக்கக்கூடாது. யோசிச்சுக் கையெழுத்து போடுங்க" என்றேன். அவள் யோசிக்கவில்லை. "அதிகமா போனா நீங்க சந்தோசமா இருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது, பாலக்கோடு தாண்டியதும் என் கணவர், "அஞ்சாயிரம் குடுத்து காயிதம் வாங்கினவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார்.

அடுத்த முறை வந்த பெங்களூர் வியாபாரி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பிரேம்களைத் தட்டிப் பார்த்தார். "நல்ல தேக்கு. பன்னெண்டையும் எடுத்துக்கறேன். படத்த உருவிட்டுக் குடுங்க" என்றார்.

"படத்தோடதாங்க விக்கறேன்."

"படம் பேடாம்மா. பேர் இல்லாத ஆளு வரைஞ்சத யாரு வாங்குவா?"

"பேரு கீழ எழுதியிருக்குதே."

"அது பேரு இல்லம்மா, வெறும் கையெழுத்து. பேருன்னா பத்து பேருக்குத் தெரியணும்."

அவர் சொன்னது தொழிலில் உண்மைதான். யார் வரைந்தது என்று தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல படமும் சுவரில் ஓட்டையை மறைக்கத்தான். ஆனால் அன்றைக்கு அவர் உருவு என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோழியை உரி என்று சொல்வதைப்போல இருந்தது. தரமாட்டேன் என்றேன். அவர் வேறு இரண்டு அண்டாவை எடுத்துக்கொண்டு போனார்.

முப்பத்தொரு படத்தையும் கொட்டகையில் மாட்டினேன். பிரேம் இல்லாததற்கு நானே அட்டை வெட்டிக் கண்ணாடித்தாள் போட்டேன். பெரிய படம் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல், முகங்கள் மூவாயிரம் என்று விலை எழுதி ஒட்டினேன். எந்தக் கணக்கில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினைந்து நாள் தினமும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க எது சலிக்கவில்லையோ அதற்கு அதிக விலை வைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிடிக்கும், கிட்டே போவார்கள், விலையைப் படித்துவிட்டுப் பின்வாங்குவார்கள். ஒரு ஆள், "இந்தக் காசுக்கு நல்ல மிக்ஸியே வாங்கலாமே" என்றார். "அப்ப மிக்ஸிய வாங்கி செவுத்துல மாட்டிக்கோங்க" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். இப்படி ஏழு மாதம். ஒன்றும் விற்கவில்லை. விலையை நான் குறைக்கவும் இல்லை.

எட்டாவது மாதம் பெங்களூர் வியாபாரி வந்து, வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தார். டீ சொன்னார். "பெரிய படம் பன்னெண்டையும் உங்க வெலைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

அந்த மாத வாடகைக்கே நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். "திடீர்னு என்னாங்க?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு பெரிய ஓவியரின் பெயரைச் சொன்னார். அவர் உயிரோடு இல்லை, அவர் படம் லட்சக்கணக்கில் போகிறது. "இளம் வயசுல அவரு இந்த மாதிரிதான் வரைஞ்சாரு. நம்மகிட்ட ஒரு பையன் இருக்கான். கீழ இருக்கற கையெழுத்த சுத்தமா எடுத்துட்டு, அவர் கையெழுத்த போட்டுருவான். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு இதுல ஒண்ணுமில்லம்மா. நீங்க வித்துட்டீங்க, அவ்ளோதான்."

"அப்ப மாஸ்டரு?"

"எந்த மாஸ்டரு? அந்த ஆள யாருக்குத் தெரியும்? செத்துட்டாரு, பொண்ணே வேணாம்னு தூக்கிப் போட்டுச்சு."

அந்த மாஸ்டர் எனக்கு உறவில்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் மகள் சொன்னதைக் கேட்டபிறகு அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் உழைப்பையெல்லாம் தின்றுவிட்டு வரைந்த படத்தை இன்னொருவர் வரைந்ததாக விற்றால், அந்தப் பெண் ஆட்டிய மாவுக்கும் சேர்த்து இன்னொருவர் பெயர் போட்டதுபோல ஆகாதா? இதையெல்லாம் அப்போது நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததாகச் சொன்னால் பொய். எனக்கு வந்தது கோபம்தான்.

"டீய குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றேன்.

"யோசிங்கம்மா. நீங்க ஒரு தடவ பேடான்னா, இனிமே என் வண்டி இங்க நிக்காது. என் வண்டி மட்டுமில்ல."

"நிக்க வேணாங்க."

அவர் டீயைக் குடிக்கவில்லை. சொன்னபடியே அவர் வண்டி அதன் பிறகு நிற்கவில்லை. சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த வேறு இரண்டு வியாபாரிகளும் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். பித்தளையைக் காயலான் கடை விலைக்கு, எடைக்குப் போட்டு வீட்டுச் செலவைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் போலீஸ் ஜீப் வந்து கடை முன்னால் நின்றது. ஒரு எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள். "கோயில் சிலை வச்சிருக்கறதா தகவல் வந்திருக்கு" என்றார் எஸ்.ஐ. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லப்போவதில்லை. யாரையும் குறிப்பாக இவர்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. "தேடுங்க சார்" என்று சொல்லி பீரோ சாவிக்கொத்தை நீட்டினேன்.

ஒரு மணி நேரம் தேடினார்கள். ரோட்டுக்கு எதிரில் கூட்டம் கூடிவிட்டது. அதில் என் நாத்தனார் வீட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கிடைத்த ஒரே சிலை, மேசைமேல் காகிதம் பறக்காமல் வைக்கிற கையகலப் பிள்ளையார். அதன் அடியில், புதிதாக வாங்கிய கடையின் விலை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. நோட்டை எஸ்.ஐ. கையில் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்னம்மா இது, ஒரு ரூபாய்க்கெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்க?"

"ஒரு ரூபா சாமானுக்குத்தான் சார் சண்டைக்கு வராங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கிளம்பும்போது நான் நோட்டையும் பேனாவையும் நீட்டி, "தேடினோம், ஒண்ணும் இல்லன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க சார்" என்றேன். கான்ஸ்டபிள் இருவரும் பயந்துபோய் அவரைப் பார்த்தார்கள். "போம்மா, போ" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எதிரில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, போங்க எல்லாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும். மறுநாள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாலேயே கடையைத் திறந்து, உள்ளே மாட்டியிருந்த படங்களை வெளியே ரோட்டைப் பார்த்து வைத்தேன்.

அப்படி வைத்ததில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெங்களூரில் இந்த மாஸ்டரை யாருக்கும் தெரியாதுதான். ஆனால் தெரிந்த ஊர் ஒன்று இருக்கிறதே!

"மாரண்டஹள்ளி சந்தைக்குக் கொண்டுபோலாம்" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"தக்காளி விக்கற எடத்துல படமா? கிண்டல் பண்ணுவாங்க."

"இங்க மட்டும் என்ன மால போடறாங்களா?"

சந்தை நாள் காலையில் முப்பத்தொரு படத்தையும் போர்வையில் சுற்றி குட்டி யானையில் ஏற்றினோம். சந்தைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு மில்லின் காம்பவுண்டுச் சுவர். அதன் காவலாளியிடம் சொல்லி, சுவர் ஓரமாக வரிசையாக வைத்தோம். சுங்கம் வசூலிக்கிறவர் வந்து எந்தக் கடை ரேட்டில் போடுவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். கடைசியில் பாத்திரக் கடை ரேட்டில் சீட்டுக் கிழித்தார்.

முதல் ஒரு மணி நேரம் என் கணவர் சொன்னதுதான் நடந்தது. சிரித்துக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு காய்கறி கமிஷன்காரர் தக்காளிக் குவியல் படத்துக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். "இது எந்த வருசம்?" என்றார். நான் படத்தைத் திருப்பி, பின்னால் பென்சிலில் எழுதியிருந்ததைக் காட்டினேன். "அந்த வருசம் நானும் ரெண்டு லோடு கொட்டினேன்" என்றார். விலையைப் பார்த்தார். பாதி விலைக்குக் கேட்டார். முடியாது என்றேன். போய்விட்டார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து முழு விலையையும் எண்ணிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு முகங்கள் பேச ஆரம்பித்தன. வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரை இழுத்துக்கொண்டு வந்து, "டேய், இது நீதானடா!" என்று காட்டினார்கள். பத்து வயதில், பட்டன் போன சட்டையில், மூக்கு ஒழுக அவர் இருந்தார். அவர் கையைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டுத்தான் படத்தைத் தொட்டார். "மாஸ்டரு என்ன கிளாஸுக்கு வெளிய நிக்க வச்சுட்டு வரைஞ்சாரு. அடிக்கத்தான் நிக்க வச்சாருன்னு நெனச்சேன்" என்றார். மத்தியானத்துக்குள் ஒன்பது முகங்கள் போய்விட்டன. சிலர் தங்கள் அண்ணனுக்கு, சிலர் செத்துப்போன தம்பியின் ஞாபகத்துக்கு என்று வாங்கினார்கள்.

யாரோ போனில் சொல்லி, சேதி ஓசூர் வரைக்கும் போயிருக்கிறது. மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி, மாஸ்டரின் மகள் நேராக என் முன்னால் வந்து நின்றாள். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"எங்கப்பன் மானத்த சந்தையில வச்சு விக்கறீங்களா?"

"வித்தது நீங்க. நான் வாங்கினது. கையெழுத்து இருக்குது."

"அதுக்காக எங்க ஊர்லயே கொண்டாந்து போடுவீங்களா? கவருமெண்டு வாத்தியாரு படம் தக்காளி பக்கத்துல கெடக்குது!"

"கொளுத்தறதுக்கு இது மேலுங்க" என்றேன். எனக்கும் குரல் ஏறிவிட்டது. "போங்க, பாருங்க. ஒரு தடவயாவது பாத்தீங்களா?"

சண்டைக்காகவே அவள் சுவர் ஓரமாக நடந்தாள். பஸ் படத்தைத் தாண்டினாள், பீடி ஆளைத் தாண்டினாள். ஒரு படத்தின் முன் நின்றாள். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சுவரில் தலை சாய்த்து ஒரு பெண் பகலில் தூங்குகிற படம். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். பின்னால் ஒன்றுமே எழுதாத படம் அது ஒன்றுதான். அது யார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பாத்துனே இருந்திருக்கான்" என்றாள். "எழுப்பி ஒரு வாய் தண்ணி குடுக்கலாம், ஒரு ஈடு மாவு ஆட்டிக் குடுத்திருக்கலாம். ஒக்காந்து வரைஞ்சினு இருந்திருக்கான்."

நான் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாலக்கோட்டில் புது வீடு கட்டுகிற ஒருவர் வந்தார். ஹாலில் மாட்ட கிராமத்துக் காட்சி ஏதாவது வேண்டும் என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஆட்டுக்கல் படத்தைக் கையில் எடுத்தார். "இது எவ்ளோ?"

"பதினஞ்சாயிரங்க." இருப்பதிலேயே அதற்குத்தான் நான் அதிக விலை போட்டிருந்தேன்.

"ஒரு பொம்பள தூங்கறதுக்கு பதினஞ்சாயிரமா? ஏழு தரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலில் இருந்தவள் எழுந்துவிட்டாள். "அவங்க தூங்கினதே கம்மிங்க. வெல கொறையாது" என்றாள்.

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படத்தைக் கீழே வைத்தார். அவர் போனதும் அவள் போனை எடுத்தாள். "எந்த நம்பருக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள். சொன்னேன். பதினைந்தாயிரமும் வந்து சேர்ந்தது. நான் போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதை மார்போடு அணைக்கவெல்லாம் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்குப் போனாள்.

அந்தப் பணத்தை நான் வாங்கியதை இன்றைக்கும் பலர் தப்பு என்கிறார்கள். என் கணவரும் சொன்னார்: "அவ ஆத்தா படத்துக்கு அவகிட்டயே காசு வாங்கிட்டியே, மனசு இருக்குதா உனக்கு?" இருக்கிறது. அவளுக்கு நான் அதைச் சும்மா கொடுத்திருந்தால் என் மனசு குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த அம்மா உழைத்த உழைப்புக்கு அந்த வீட்டில் யாரும் ஒரு விலை கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒருவர் பாதி விலை சொன்னபோது மகள் எழுந்து நின்று முடியாது என்றாள், முழு விலையும் கொடுத்தாள். அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை.

மிச்சப் படங்கள் அடுத்த மூன்று சந்தைகளில் போயின. ஒவ்வொன்றின் பின்னாலும் மாஸ்டரின் பெயர், ஊர், வேலை பார்த்த பள்ளிக்கூடம் எல்லாம் அழியாத மையில் எழுதி, பில் போட்டுத்தான் கொடுத்தேன். பின்னால் எழுத வேண்டாம் என்று கேட்ட ஒருவருக்கு விற்க மறுத்துவிட்டேன். அவர் யார் அனுப்பி வந்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது பழைய வியாபாரிகள் இல்லாமலே கடை ஓடுகிறது. பாகம் பிரிக்கிற வீடுகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். எது எவ்வளவு போகும் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும், அதற்குத் தனிக் கூலி. போன மாதம் அரூர் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக்குப் போனேன். நாலு அண்ணன் தம்பிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சாமான்களை வாசலில் பரப்பி வைத்துவிட்டு, "பாத்துச் சொல்லும்மா" என்றார் மூத்தவர். என்னை நிற்க வைத்தே பேசுவதுதான் அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த வாசலில் கூலி வாங்கவும் நின்றுதான் வாங்கியிருப்பார்கள்.

"ஒரு சேர் போடுங்க" என்றேன்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு மருமகள் எட்டிப் பார்த்தாள். "நின்னுனே சொல்லக் கூடாதா?" என்றார் இளையவர்.

"வெல சொல்றது என் வேலைங்க. அத ஒக்காந்துதான் செய்வேன். ரெண்டு மணி நேரம் ஆவும்."

யாரும் அசையவில்லை. நான் லென்ஸைப் பையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். கடைசியில் அந்த மருமகள்தான் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து, பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவில் போட்டாள். உட்கார்ந்தேன். முதல் விளக்கைத் தூக்கி மடியில் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.